ஒரே பாட்டு, 360 முறை

அமெரிக்கப் பாடகர் ஃபாரல் வில்லியம்ஸின் ‘ஹாப்பி’ பாடலுக்காக 2013 நவம்பரில் வெளியான 24 மணி நேரக் காணொளியை முழுவதும் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். ஆனால், பத்து நிமிடம் பார்க்கலாம் என்று உட்கார்ந்து, பக்கத்து அறைக்குக் கேட்காதபடி ஒலியைக் குறைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தைக் கரைத்த இரவுகள் உண்டு.

நான்கு நிமிடப் பாடல் ஒன்று 360 முறை ஓடுகிறது, சரக்கு அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் கேமராவைப் பார்த்து ஆடிக்கொண்டே நடந்து வருகிறார். மணிக்கு ஒருமுறை ஃபாரலே வந்து ஆடுகிறார். இதற்கென்றே அமைத்த இணையதளத்தில் கடிகார முகத்தை நகர்த்தி வேண்டிய நேரத்துக்குப் போகலாம் என்று வைத்திருந்தது நல்ல ஏற்பாடு. யூடியூபிலும் மணிவாரியாகப் பிரித்து ஏற்றியிருக்கிறார்கள்.

எதற்காக இவ்வளவு மகிழ்ச்சி என்று பாடல் எங்கேயும் சொல்வதில்லை. ஒரு அனிமேஷன் படத்துக்காக எழுதிய பாட்டில் அதைத் தேடுவதும் நியாயமில்லைதான். இருந்தாலும், காரணமில்லாத சிரிப்பைப் பார்த்து நாமும் காரணமில்லாமல் சிரித்துவிடுகிறோமே என்பதுதான் கூச்சமாக இருக்கிறது. நான்கு நிமிடச் சுருக்கப் பதிப்பு இந்தக் கூச்சத்தை அதிகமாக்குகிறது. ஒவ்வொருவரின் உச்சக் கணத்தை மட்டும் நறுக்கி ஒட்டியிருப்பதால், அது பற்பசை விளம்பரம்போலத் திகட்டுகிறது.

நீண்ட பதிப்பில் அப்படி ஒளிய இடமில்லை. இரண்டாவது சரணம் வருவதற்குள் பலருக்குத் தெரிந்த அடவெல்லாம் தீர்ந்துவிடுகிறது; தோளைக் குலுக்குகிறார்கள், கை தட்டுகிறார்கள், மூச்சு வாங்குகிறது, ஒரு கணம் சிரிப்பு கழன்று மறுபடி முகத்தில் ஏறுகிறது. கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சனைவிட, பெயர் தெரியாத இவர்களுக்காகத்தான் நான் திரும்பத் திரும்ப வருகிறேன்.

இதே பாட்டுக்கு ஆடிக் காணொளி வெளியிட்ட டெஹ்ரான் இளைஞர்கள் 2014 மே மாதத்தில் கைதானார்கள். நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக அவர்களுக்குச் சிறையும் 91 கசையடிகளும் விதிக்கப்பட்டன. அதைப் படித்த பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துப் பார்க்கும் என் கூச்சம் கொஞ்சம் ஆடம்பரமாகவே பட்டது.

குறை என்றால், ஏழெட்டு முறைக்குப் பிறகு அந்தக் கைதட்டல் காதைக் குடைகிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் சுருக்கப் பதிப்பை விட்டுவிட்டு, வெயில் சாயும் மாலை நேரத்துப் பகுதியில் தொடங்கலாம். ஒரே அமர்வில் அரை மணிக்கு மேல் வேண்டாம்.