வாசலை மறிக்கும் வண்டி: பலகையா, பூந்தொட்டியா, காவல்துறையா?

சொந்த வீடும் சொந்தக் காரும் இருந்தும், அந்தக் காரை வேண்டிய நேரத்தில் வெளியே எடுக்க முடியாத குடும்பங்கள் சென்னையில் பல உண்டு. மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில் பங்குனி உற்சவ நாட்களிலும், சபாக்கள் இருக்கும் பகுதிகளில் மார்கழி மாலைகளிலும், தியாகராய நகர்க் கடைவீதிகளுக்குப் பின்னால் உள்ள குடியிருப்புகளில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், யாரோ ஒருவருடைய வண்டி கேட்டை மறித்து நிற்பது வழக்கமாகிவிட்டது. இதற்கு நம்மவர்கள் கையாளும் வழிகளும் தெருவுக்குத் தெரு பெரிதாக வேறுபடுவதில்லை. அவற்றுள் எது வண்டியை நகர்த்துகிறது, எது நம்மையே வழக்கில் மாட்டிவிடுகிறது, எது அடுத்த வாரமும் பயன் தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஒப்பீட்டுக்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். வண்டி நிற்கும் இடம் யாருடையது? கேட்டுக்கு உள்ளே, நம் பத்திரத்திலும் கட்டட வரைபடத்திலும் அடங்கிய நிலம் நம்முடையது. கேட்டுக்கு வெளியே, நாம் செலவு செய்து கட்டிய சாய்தளம் உட்பட, பெரும்பாலும் மாநகராட்சியின் தெருவாகும். தெருவில் நமக்கு இருப்பது தடையின்றி உள்ளே போகவும் வெளியே வரவுமான உரிமை மட்டுமே; மதில் சுவரின் நீளம் முழுவதும் நமக்கென ஒதுக்கப்பட்ட இடம் அன்று. ஆகவே கேட்டை விட்டு விலகி, மதிலோரம் நிற்கும் வண்டியின்மேல் நாம் கோபப்படுவதற்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது. அந்தத் தெருவில் நிறுத்தத் தடை இல்லாதவரை, அதன் உரிமையாளருக்கும் அங்கே நிறுத்த உரிமை உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், ஒரே வழி கேட்டுக்கு வெளியே பலவீனமாகவும் உள்ளே பலமாகவும் இருப்பது ஏன் என்று விளங்கும்.

முதலில் வெளிப்புறம். கதவில் மாட்டும் ‘நோ பார்க்கிங்’ பலகைதான் எல்லோரும் முதலில் நாடுவது. செலவு குறைவு, யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அந்தப் பலகைக்கென்று தனியாகச் சட்ட வலிமை எதுவும் கிடையாது. பிற இடத்தின் நுழைவாயிலை அடைத்து வண்டி நிறுத்தக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. பலகை இல்லாவிட்டாலும் கேட்டை மறிப்பது தவறுதான். பலகை அதை நினைவூட்டுகிறது, அவ்வளவே. அதனால் மிரட்டும் வாசகத்தைவிட, ‘இந்த கேட் பயன்பாட்டில் உள்ளது, கார் வெளியே வரும்’ என்று காரணத்தைச் சொல்லும் வாசகம் மேலானது என்பது என் கருத்து. பல வீடுகளில் கேட்டைத் திறப்பதே இல்லை என்று ஓட்டுநர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்; அந்த எண்ணத்தைப் போக்குவதுதான் பலகையின் வேலை. நம் கைப்பேசி எண்ணையும் அதில் எழுதி வைத்தால், அவசரத்துக்கு நிறுத்துபவர் ஒருவேளை நம்மிடம் கேட்டுவிட்டாவது நிறுத்துவார்.

பலகைக்கு அடுத்தபடியாகப் பூந்தொட்டி, மணல் மூட்டை, சிமெண்டு நிரப்பிய டின், இரும்புக் கம்பியுடன் கூடிய சங்கிலி. இவை பலகையைவிடக் கண்டிப்பாகப் பலன் தருகின்றன. தொட்டி இருக்கும் இடத்தில் கார் நிற்க முடியாது. ஆனாலும் இந்த வழியை நான் உறுதியாக நிராகரிக்கிறேன். பொதுத் தெருவில் இடத்தை அடைப்பதும் ஆக்கிரமிப்புத்தான். இரவில் வெளிச்சம் குறைந்த தெருவில் இருசக்கர வாகனத்தில் வருபவர் அந்தத் தடுப்பில் மோதி விழுந்தால், பொறுப்பு நம்முடையதாகிவிடும். பொது வழியில் தடை ஏற்படுத்துவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறையும் அனுமதியற்ற பலகைகளையும் தடுப்புகளையும் தெருவிலிருந்து அகற்றும்படி வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வாசலில் நாமே தடுப்பைப் போட்டுவைத்துவிட்டு, இன்னொருவர் வழியை மறிக்கிறார் என்று புகார் கொடுக்கும்போது அந்தப் புகாரின் நியாயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவதும், வைப்பரை மடக்குவதும், கதவில் கீறுவதும் கோபத்தின் செயல்கள். இவற்றால் வண்டி நகர்வதில்லை. காற்றுப் போன கார் இன்னும் கூடுதலான நேரம் அதே வாசலில்தான் நிற்கும். பிறருடைய பொருளுக்குச் சேதம் விளைவித்ததாக அதே சன்ஹிதாவின் 324ஆம் பிரிவில் நம்மீது புகார் வரவும் இடமுண்டு. சக்கரப் பூட்டு வாங்கி நாமே மாட்டுவதும் அதே வகையைச் சேர்ந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 127ஆம் பிரிவு, தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ ஆணையிடும் அதிகாரத்தைச் சீருடையில் உள்ள காவல் அதிகாரிக்குத்தான் தருகிறது, வீட்டுக்காரருக்கு அன்று.

மீதி இருப்பவை உரிமையாளரை நாமே தேடிப் பிடிப்பதும் காவல்துறையை அழைப்பதும். கண்ணாடிக்குப் பின்னால் கைப்பேசி எண் எழுதி வைத்திருந்தால், ‘சார், உங்கள் வண்டி எங்கள் கேட்டை மறித்து நிற்கிறது, நாங்கள் வெளியே போக வேண்டும்’ என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் தேவைப்படாது. எண் இல்லாவிட்டால் சிரமம்தான். வண்டிப் பதிவு விவரங்களைக் காட்டும் எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினாலும் உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டே காட்டப்படும், தொலைபேசி எண் கிடைக்காது. காவல்துறையினரால் பதிவு விவரங்களைப் பார்த்து உரிமையாளரை அழைக்க முடியும் என்பதே 103 என்ற போக்குவரத்துக் காவல் எண்ணை அழைப்பதன் முதல் பயன். அபராதமும் உண்டு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளில் 1,500 ரூபாய் வரை. ஆனால் காவல்துறையின் செயலி வழியாகப் படம் அனுப்புவதற்கும் தொலைபேசியில் அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. படம் அனுப்பினால் அவருக்குச் செலான் போகலாம், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இப்போதே வழி வேண்டுமென்றால் அழைக்கத்தான் வேண்டும். படம் எடுக்கும்போது வண்டி எண்ணும் அடைபட்ட கேட்டும் ஒரே சட்டகத்தில் தெரிவது முக்கியம். எண் மட்டும் உள்ள படத்திலிருந்து தவறு எதுவும் விளங்காது. வீட்டில் யாருக்காவது உடல்நிலை மோசமாக இருந்தால் இவை எதையும் செய்துகொண்டிருக்க வேண்டாம்: 108-ஐ அழையுங்கள், அல்லது தெருமுனையில் ஓர் ஆட்டோவைப் பிடியுங்கள், வண்டிக்காரரோடு பேசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மேற்சொன்ன எல்லாமே அன்றைக்கு வந்து நிற்கும் வண்டிக்கானவை. நாள்தோறும் வெவ்வேறு வண்டிகள் வந்து நின்றால், அவற்றை ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட அவை எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்பது பல மடங்கு மேல். பெரும்பாலும் அருகில் ஒரு கல்யாண மண்டபமோ, மருத்துவரின் கிளினிக்கோ, டியூஷன் மையமோ, உணவகமோ இருக்கும். அவற்றின் மேலாளர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது காவல்துறையை அழைப்பதைவிட விரைவான வழி. மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு இடையே ஒலிபெருக்கியில் வண்டி எண்ணை அறிவித்தால், பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கூட எழுந்து வந்துவிடுவார். முகூர்த்த நாட்களில் ஒரு வாட்ச்மேனைத் தெருவில் நிறுத்தி, கேட்டுகளின் முன் யாரும் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுமாறு குடியிருப்போர் நலச்சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுப்பது இன்னும் நல்லது. தனி ஒருவரின் முணுமுணுப்புக்குக் கிடைக்காத மரியாதை பத்து வீடுகளின் கையெழுத்துக்குக் கிடைக்கும். இணங்காத நிறுவனமானால், அதன் வாகன நிறுத்துமிடம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, வணிகக் கட்டடங்களுக்கு உள்ளேயே நிறுத்துமிடம் இருக்க வேண்டும் என்கின்றன. வரைபடத்தில் நிறுத்துமிடமாகக் காட்டிய தரைத்தளம் கிடங்காக மாறியிருந்தால், மாநகராட்சிக்கோ பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கோ எழுத்தில் புகார் கொடுக்கலாம். இதற்குப் பொறுமை வேண்டும். எனினும் நோயின் மூலத்தைத் தொடுவது இந்த ஒரு வழிதான். நிரந்தரத் தடையாணை கேட்டு உரிமையியல் நீதிமன்றம் செல்வதும் உண்டு. ஒரே ஆள் பிடிவாதமாக மறிக்கும் இடத்தில் மட்டும் அது பொருந்தும்.

கேட்டுக்கு உள்ளே வந்தால் இந்தத் தரவரிசை அப்படியே தலைகீழாகிறது. கேட் இல்லாத முன்வெளியிலோ, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நமக்கு ஒதுக்கிய இடத்திலோ அந்நியர் ஒருவர் வண்டியை விட்டுப்போனால், போக்குவரத்துக் காவல்துறையின் கை நீளாது. 127ஆம் பிரிவு பேசுவது பொது இடத்தைப் பற்றி. அத்துமீறல் என்று சட்டம் ஒழுங்குக் காவல்நிலையத்துக்குப் போகலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆனால் குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை தரவோ எண்ணி நுழைந்ததாகக் காட்ட வேண்டும். இடம் தெரியாமல் ஒருமுறை நிறுத்தியவரிடம் அந்த எண்ணத்தைக் காட்டுவது கடினம். எனவே இங்கே கைகொடுப்பது தெருவில் நான் நிராகரித்த அதே தடுப்புத்தான். நம் எல்லைக்குள், நம் தரையில் பதித்த மடக்குத் தூணும் பூட்டும், இரண்டு தூண்களுக்கு இடையே சங்கிலியும், எப்போதும் சாத்திய கேட்டும் முற்றிலும் முறையானவை. கேட் உட்புறமாகத் திறக்க வேண்டும், சங்கிலி எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது என்பவை மட்டுமே நிபந்தனைகள். அடுக்குமாடியில் வாட்ச்மேன் வாசலிலேயே எண்ணையும் போகும் வீட்டையும் குறித்துக்கொண்டால் தூணுக்கே தேவை குறைந்துவிடும். கேமரா எதையும் தடுப்பதில்லை, பின்னால் சாட்சியாகப் பயன்படும்.

பெருமழைக் காலத்தை மட்டும் இந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்துவதைப் பார்த்திருக்கிறோம். அப்படி ஒரு நாளில் தாழ்வான தெருவிலிருந்து ஒருவர் நம் வீட்டு மேடான முன்வெளியைத் தேடி வந்தால், 103-ஐ அழைக்க வேண்டிய அவசியம் இல்லை. அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு, நம் கார் வெளியேறும் அகலத்தை விட்டு நிறுத்தச் சொல்லி, தண்ணீர் வடிந்ததும் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டால் போதும்.