மூன்று தரம் சொல்ல ஆளில்லாத ஏலம்: பொழுதுபோக்குத் தளத்துக்கு எந்த வழி?

நேரில் நடக்கும் ஏலத்தில் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று இழுத்து, கூட்டத்தை ஒருமுறை நோட்டம் விட்டு, ‘மூன்று தரம்’ சொல்ல ஒருவர் நிற்பார். இணையத்தில் அந்த வேலையை நிரல்தான் செய்ய வேண்டும். இலவச ஏலத்தளம் கட்டக் கிளம்புகிறவர்கள் முகப்பின் அழகைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று வழிகளையும் முயன்ற பிறகு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கடைசி நிமிடத்தில் என்ன நடக்கிறது?

முதல் வழி, இணையதளம் கட்டும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸ். அதன்மேல் இணையக் கடை வசதி தரும் வூகாமர்ஸ், அதற்கும் மேல் ஓர் ஏலச் செருகுநிரல் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்). ஒரே மாலையில் தளம் எழுந்து நிற்கும். பயனர் கணக்கு, படமேற்றம், கடவுச்சொல் மீட்பு எல்லாம் ஆயத்தமாக வந்துவிடும். சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. வேர்ட்பிரஸின் நேரப் பணிகள் தாமாக ஓடுவதில்லை. யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கும்போதுதான் ‘நேரமாகிவிட்டதா?’ என்று எட்டிப் பார்க்கின்றன. ஆள் நடமாட்டமில்லாத புதுத்தளத்தில் இரவு 11 மணிக்கு முடிய வேண்டிய ஏலத்தின் முடிவு, காலையில் முதல் ஆள் வரும்வரை தூங்கிக்கொண்டிருக்கலாம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் சர்வரின் ‘கிரான்’ பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் இது தீரும், உங்கள் ஹோஸ்டிங்கில் அந்த வசதி இருந்தால்.

இரண்டாவது, வீபிட் போன்ற திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) ஏல மென்பொருள். ஏலத்துக்கென்றே எழுதப்பட்டது என்பதால் பகுப்புகள், விற்பவர் மதிப்பீடு எல்லாம் உள்ளேயே இருக்கும். இந்த வகையில் எதை எடுத்தாலும் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். பிறர் பிஎச்பி மொழியில் எழுதிய பழைய நிரலை அம்மொழியின் புதிய பதிப்புக்கு ஏற்றவாறு ஒட்டுப்போடுவது பொழுதுபோக்கு அல்ல, தண்டனை.

மூன்றாவது, ஜாங்கோ, லாராவெல் போன்ற இணைய நிரல் சட்டகம் ஒன்றில் நீங்களே எழுதுவது. வாரக்கணக்கில் ஆகும். என் ஓட்டு இதற்குத்தான்.

என் முதல் வடிவத்தை இரண்டு உலாவிகளில் திறந்து வைத்துச் சோதித்தேன். நடப்புத் தொகை 500. இரண்டிலும் 510 என்று அடித்து ஒரே நேரத்தில் அனுப்பினேன். இரண்டுக்கும் ‘நீங்கள்தான் முன்னணி’ என்று பதில் வந்தது! காரணம் எளிது. இரண்டு கோரிக்கைகளும் 500 என்று படித்தன, 510 பெரியது என்று முடிவு செய்தன, எழுதின. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனைக்குள் (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் செயல்தொகுப்பு) ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ என்ற கட்டளையைப் போட்டு, அட்டவணையில் அந்தப் பொருளுக்கான வரிசையைப் பூட்டினேன். இரண்டாவது கோரிக்கை இப்போது காத்திருந்து, 510 என்று படித்து, மரியாதையாகத் திரும்பிப் போகிறது. ஆயத்தக் கருவி எதை எடுத்தாலும் இந்த இரண்டு உலாவிச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

சொந்த நிரலில் கடிகாரச் சிக்கலும் கரைந்துவிடுகிறது. ஏலத்தை ‘முடிக்க’ எதுவும் ஓட வேண்டியதில்லை. முடிவு நேரத்தைச் சேமித்துவைத்து, ஒவ்வொரு ஏலக் கேள்வி (யாராவது ஒரு தொகை கேட்பது) வரும்போதும் சர்வரின் நேரத்தோடு ஒப்பிட்டால் போதும். உலாவியின் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். மின்னஞ்சல் அனுப்பத்தான் நேரப் பணி தேவை. அது பத்து நிமிடம் பிந்தினால் குடி முழுகிவிடாது.

கடைசி நொடியில் பாய்ந்து தட்டிச் செல்பவர்களை என்ன செய்வது? ஈபே முடிவு நேரத்தை அசைப்பதில்லை. அமேசான் ஏலம் நடத்திய காலத்தில், கடைசிக் கேள்விக்குப் பின் 10 நிமிடம் அமைதியாக இருந்தால்தான் ஏலம் முடியும். ராத், ஓக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2002இல் இரண்டையும் ஒப்பிட்டபோது, கடைசி நேரப் பாய்ச்சல் ஈபேயில்தான் அதிகம் என்று கண்டார்கள். நான் அமேசான் பக்கம். ‘மூன்று தரம்’ சொல்பவர் செய்ததும் அதைத்தானே? சொந்த நிரலில் அதற்கு இரண்டு வரி போதும். செருகுநிரலில் அந்த வசதி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

‘இலவசம்’ என்பதைப் பற்றியும் ஒரு சொல். ஈபேயே 1995இல் பியர் ஒமிட்யார் ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற பெயரில் பொழுதுபோக்காகத் தொடங்கிய இலவசத் தளம்தான். கூட்டம் பெருகி, இணையச் சேவை நிறுவனம் மாதம் 250 டாலர் கேட்ட பிறகே அவர் கட்டணம் வாங்கத் தொடங்கினார். உங்கள் ஹோஸ்டிங் செலவும் அப்படி ஏறாமலிருக்க, படங்களின் அளவுக்கு முதல் நாளே வரம்பு வைத்துவிடுங்கள்.