வெலிங்டன் கசம் பரேடுக்குப் போகிறவர்களே, "ராணுவ பாஸ்" விற்கிறவனிடம் பணம் கட்டாதீர்கள்

குன்னூர் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சியில் இருக்கும் பையன்களின் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். சத்தியப் பிரமாண அணிவகுப்புக்கு (பையன்கள் கசம் பரேடு என்பார்கள்) தேதி வந்ததும், "பாஸ், ரூம், வேன் எல்லாம் நம்மகிட்டயே முடிச்சிரலாம், உள்ள நமக்கு ஆள் இருக்கு" என்று ஒருவன் உங்கள் போனுக்கு வருவான். அவனுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டிலிருந்து 15,000 ரூபாய் போனது. அது போகட்டும் என்றால்கூட, பையனைச் சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்த சித்தப்பாவும் சித்தியும் அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே நின்றார்களே, அதை விட முடியவில்லை.

பையன் என் அக்கா மகன். அக்னிவீராக (நாலு வருடத்துக்கு ராணுவத்தில் ஆள் எடுக்கும் திட்டம்) சேர்ந்தவன். மச்சான் தேனி மாவட்டத்தில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். பேரேட்டில் ஐம்பது பைசா இடித்தால்கூட ராத்திரி தூங்க மாட்டார். அவரையே ஏமாற்றிவிட்டார்கள் என்பதால் சொல்கிறேன், இது படிக்காதவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை.

பெற்றோர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் அவன் இருந்தான். யார் சேர்த்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. தினமும் காலையில் தேசியக்கொடி படத்தோடு ஜெய்ஹிந்த் போடுவான். பழைய பரேடு படங்களைப் போடுவான். ஒரு தடவைகூடத் தன்னை முன்னாள் ராணுவ வீரன் என்று அவன் சொன்னதில்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தேதி தெரிந்த அன்றே மச்சானைத் தனியாகக் கூப்பிட்டான். "சீசன் சார், பழக் கண்காட்சிக் கூட்டம் வேற. இப்பவே போடலைன்னா குன்னூர்ல திண்ணைகூடக் கிடைக்காது" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வினை. மே மாதம் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி, ஊட்டி மலர்க் கண்காட்சி என்று மலை முழுக்கக் கூட்டம். அறை வாடகை இரண்டு மடங்காகும். ஆனால் எங்களை உண்மையில் சிக்க வைத்தது கூட்டம் இல்லை. பரேடுக்கு எத்தனை பேர் வரலாம், எத்தனை மணிக்கு வரணும், என்ன அடையாள அட்டை காட்டணும் என்று எல்லா விவரமும் தெரிந்த ஒரே ஆள் நம் பையன்தான். அவனுக்கு நாம் போன் போட முடியாது. எங்கள் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம்தான் போன் கையில் கிடைக்கும், அந்த நேரமும் "சாப்டியா, கால் வலி எப்படி இருக்கு" என்பதிலேயே போய்விடும். மீதி ஆறு நாளும் நம் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. அந்த ஆறு நாளில்தான் இந்த ஆள் வியாபாரம் பண்ணுகிறான். ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டாலும் பதில் போடுவான்.

கணக்கைச் சொல்கிறேன். ராணுவ பாஸ் தலைக்கு 750, ஏழு பேருக்கு 5,250. நீலகிரிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் 300. வெலிங்டன் கேட்டிலிருந்து "நடக்கிற தூரத்தில்" காட்டேஜ், இரண்டு அறை, இரண்டு ராத்திரி, 9,600. மேட்டுப்பாளையத்திலிருந்து வேன் 7,500. ஆகமொத்தம் 22,650. அக்னிவீருக்கு முதல் வருடம் மாதச் சம்பளம் 30,000, அதில் 9,000 சேவா நிதிக்கு (நாலு வருடம் முடிந்ததும் மொத்தமாகத் தரும் தொகை) பிடித்தம் போக மற்றப் பிடித்தம் எதுவும் இல்லையென்றாலே கைக்கு வருவது 21,000. பையனின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலே கேட்டிருக்கிறான்! 15,000 முன்பணம், மீதி இறங்கினதும். பணம் அனுப்பும்போது போனில் வந்த பெயர் ஒன்று, அவன் விசிட்டிங் கார்டில் இருந்த பெயர் வேறு. கேட்டதற்கு "வீட்டுக்காரம்மா அக்கவுண்ட் சார்" என்றான்.

மேட்டுப்பாளையத்தில் வந்து நின்றது வெள்ளை போர்டு வேன். வாடகைக்கு ஓட்ட மஞ்சள் போர்டு வேண்டும் என்பது ஓட்டுநருக்குத் தெரியாதா என்ன. கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸைக் காட்டச் சொன்னார்கள். காட்டினார், வண்டி எண் பொருந்தவில்லை. வேறு ஏதோ வண்டிக்கு எடுத்ததைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஓரமாக நிறுத்தி, அங்கேயே என் போனில் புதிதாக எடுத்தோம். வண்டி எண், தேதி, எத்தனை பேர், எங்கே தங்குகிறோம் என்று நிரப்பினால் முடிந்தது. காசே கிடையாது.

இது முக்கியம், அதனால் விவரமாகச் சொல்கிறேன். நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் என்பது உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வந்தது. அரசாங்கத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் சீசனில் போகிறவர்கள் கடைசி நேரத்துக்கு விடக்கூடாது, எங்களுக்கு அன்றைக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லையே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு பஸ் வந்துகொண்டேதான் இருக்கிறது, குன்னூரிலிருந்து வெலிங்டன் மூன்று கிலோமீட்டர் அளவுதான். (அப்புறம் இன்னொன்று. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மலைக்குக் கொண்டு போகாதீர்கள். தடை இருக்கிறது, சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.)

சரி, காட்டேஜுக்கு வருவோம். வேன் குன்னூரைத் தாண்டி கோத்தகிரி ரோட்டில் ஏறியபோதே அக்கா, "ஏன்டா, கேட்டுப் பக்கத்துல தானே சொன்னாக?" என்றாள். ஓட்டுநர், "சீசன் ஒருவழிப் பாதைங்கம்மா, இந்தப் பக்கம்தான் சௌகரியம்" என்றார். சீசனில் மேலே ஏற குன்னூர் வழி, கீழே இறங்க கோத்தகிரி வழி என்று மாற்றிவிடுவது நிஜம்தான். அதற்கும் எங்களைக் கோத்தகிரி பக்கத்தில் கொண்டு போய் வைப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இறங்கின இடம் வெலிங்டனிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். படத்தில் காட்டிய ஊதாக் கதவு, புல்வெளி எதுவும் அங்கே இல்லை. ஒரு டீக்கடைக்கு மேல்மாடியில் சுவரெல்லாம் ஓதம் ஏறிய இரண்டு அறை. ஹீட்டர் சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிந்தது, தண்ணீர் மட்டும் பச்சைத் தண்ணீர். கம்பளி தலைக்கு ஒன்றுகூட இல்லை. என் அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். கொண்டு வந்த சேலைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திப் படுக்க வைத்தோம். ஆறாயிரம் அடி உயரம், மே மாதமானாலும் ராத்திரியில் குளிர் குளிர்தான்.

அவனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு வர வேண்டிய வேனும் வரவில்லை. கீழே டீக்கடைக்காரர்தான் தனக்குத் தெரிந்த ஒருவரை எழுப்பி ஜீப் பிடித்துக் கொடுத்தார். பனி மூட்டத்தில் அந்த ஜீப்காரர் நிதானமாக ஓட்டி நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வாங்கியது நியாயமான வாடகை.

கேட்டில் எங்கள் "பாஸை" நீட்டினோம். நல்ல தடிமனான தாளில் மேலே நான்முகச் சிங்கம், கீழே நீல முத்திரை, எங்கள் ஏழு பேர் பெயரும் அச்சடித்தது. அம்மா பெயரில் மட்டும் ஓர் எழுத்து தப்பு. கேட்டில் இருந்த ஹவில்தார் நாகர்கோவில் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார், வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"ஐயா, இது எங்க வாங்குனது?"

மச்சான் சொன்னார்.

"இப்படி ஒண்ணு நாங்க குடுக்கதே கிடையாது. பையன் பேரு, கம்பெனி சொல்லுங்க."

பையன் பெயரைச் சொன்னதும் தன் பட்டியலைப் பார்த்தார். அதில் ஐந்து பெயர் இருந்தது: அக்கா, மச்சான், அக்கா மகள், அம்மா, நான். ஆதாரைப் பார்த்துவிட்டு ஐந்து பேரையும் உள்ளே விட்டார்கள். மச்சானின் தம்பி பெயரும் அவர் சம்சாரம் பெயரும் இல்லை.

எப்படி இல்லாமல் போனது என்றால், சில வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பையன், "யார் யாரு வர்றீங்க, பேர் குடுக்கணும்" என்று கேட்டிருக்கிறான். அப்போது நாங்கள் ஐந்து பேர்தான் முடிவாகியிருந்தது. சித்தப்பா வருவதாகச் சொன்னது அதற்கப்புறம். அதை அடுத்த ஞாயிறு பையனிடம் சொல்லியிருப்போம். ஆனால் அதற்குள் இவன், "ரெண்டு பேர்தானே சார், பாஸ்ல சேர்த்துடறேன், பையனை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க, பயிற்சி நேரம்" என்று சொல்லி 1,500 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டான். பணத்தை வாங்கியதோடு நிற்கவில்லை, பையனிடம் சொல்லவிடாமல் தடுத்தும் வைத்தான்.

ஹவில்தார் மேலே யாரிடமோ போனில் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை, ராணுவ இடம், பட்டியலில் பெயர் இல்லாதவரை அவர் எப்படி விடுவார்? சித்தப்பாவுக்கும் சித்திக்கும் உட்கார ஒரு பெஞ்சைக் காட்டி டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

உள்ளே பரேடைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை, நீங்களே போய்ப் பார்ப்பீர்கள். உப்பை வாயில் இட்டு, அவரவர் வேத நூல் முன்னால், தேசியக்கொடியைச் சாட்சி வைத்துச் சத்தியம் எடுத்தார்கள். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தியபோது அம்மா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெற்றோருக்குக் கௌரவப் பதக்கம் அணிவிக்கும்போது அக்கா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள், பதக்கம் சேலையில்தான் குத்த வேண்டும் என்று. மச்சான் அந்த நேரத்திலும் கேட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிப் போகப் போகிறவர்கள், பையனிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வரலாம், பெயரை எந்தத் தேதிக்குள் கொடுக்கணும், எந்த கேட், எத்தனை மணி, போனும் கேமராவும் உள்ளே விடுவார்களா, பரேடு முடிந்து அவனுக்கு லீவு எந்தத் தேதியிலிருந்து. முதல் இரண்டு நிமிடத்தில் இதைக் கேட்டுவிட்டு அப்புறம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். ஆதாரில் இருக்கிற எழுத்தோடு அவனுக்குப் பெயரைச் சொல்லுங்கள், ஆதார் அசலைக் கையில் கொண்டு போங்கள். கடைசி நேரத்தில் இன்னொரு சொந்தக்காரர் கிளம்பினால், பையன் "சேர்த்தாச்சு" என்று சொன்ன பிறகு டிக்கெட் போடுங்கள்.

அறையைக் குன்னூர் டவுனுக்குள்ளேயே பாருங்கள். வீடியோ காலில் அறையையும் வாசலையும் தெருவையும் காட்டச் சொல்லுங்கள், முடியாது என்றால் வேண்டாம். மலை ரயிலில் போக ஆசைப்பட்டால் முந்தின நாளே போய்விடுங்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டியை நம்பிப் பரேடு நாளில் உட்கார்ந்தால், நீங்கள் வெலிங்டன் ஸ்டேஷனில் இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பும் வழியிலேயே 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். இணைய மோசடிக்கான எண், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. உள்ளூர் ஸ்டேஷனிலும் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு) வாங்கி வைத்திருக்கிறோம். அந்தப் போலி பாஸை மச்சான் கிழிக்கப் போனார், நான் பிடுங்கி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். அரசுச் சின்னத்தைத் தனியார் இப்படி அச்சடிப்பதே 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீங்களும் அப்படி ஒரு தாள் வாங்கியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி.

புகார் போன பிறகு அவனே கூப்பிட்டான். "3,000 தர்றேன் சார், மனுவை வாபஸ் வாங்கிக்கங்க, குரூப்ல எதுவும் போட வேண்டாம்" என்றான். மச்சான், "பதினஞ்சாயிரமும் வேணும், எந்தம்பிகிட்ட நீயே நேர்ல வந்து பேசணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த எண் இப்போது அணைந்து கிடக்கிறது. அடுத்த பேட்ச் பெற்றோர் குழுவில், அதே ஊதாக் கதவு காட்டேஜ் படத்தோடு வேறொரு எண்ணில் விளம்பரம் ஓடுவதாக நேற்று ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். உங்கள் குழுவில் அந்தப் படம் வந்தால் உடனே குழு அட்மினிடம் சொல்லி அவனை வெளியேற்றுங்கள்.