டேவ் பிராண்டன்: நாலரை வருடப் பயன்பாடு, பத்து வருடம் தாண்டி ஒரு ரிவியூ

கேன்டனில் இருக்கும் ஒரு தம்பி இந்த வருட மிஷிகன் ஃபுட்பால் சீசன் டிக்கெட் பில்லைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் பிடித்துக்கொண்டான். "அண்ணா, ராத்திரி மேட்ச், எதிராளியைப் பார்த்து ஏறி இறங்கும் விலை, ஸ்பீக்கரில் காதைக் கிழிக்கிற பாட்டு, எல்லாமே அந்த ஆள் பிராண்டன் காலத்து சமாச்சாரம்தானே? அவரை மட்டும் துரத்திவிட்டீர்கள். இப்போது அதே சமாச்சாரத்துக்கு அதிகமாகவே பணம் கட்டிவிட்டு சத்தமில்லாமல் இருக்கிறீர்கள். என்ன நியாயம்?"

கேள்வி நியாயமானதுதான். பதில் எழுதப் போய் நீண்டுவிட்டது. அதனால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

மிஷிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் (கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு பத்தி. அமெரிக்கக் கல்லூரிகளில் அத்லெடிக் டைரக்டர், சுருக்கமாக ஏடி, என்று ஒருவர் உண்டு. கோச்சை வைப்பது, எடுப்பது, டிக்கெட் விலை, எதிரணி யார், ஸ்பான்சர் யார் எல்லாம் அவர் மேஜையில்தான் முடிவாகும். ஆன் ஆர்பரில் உள்ள எங்கள் ஸ்டேடியம் 1927இல் திறந்தது, செல்லப் பெயர் பிக் ஹவுஸ். 1975 நவம்பர் முதல், கொரோனா வந்த 2020 நீங்கலாக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்குக் குறையாமல் கூட்டம் என்பது இந்த ஊரின் பெருமை. டேவ் பிராண்டன் 2010 மார்ச்சில் அந்த மேஜைக்கு வந்தார். 1970களில் எங்கள் பெரிய கோச் போ ஷெம்பெக்லரிடம் ஆடியவர், பல்கலைக்கழக ரீஜெண்டாக, அதாவது ஆட்சிக்குழு உறுப்பினராக, இருந்தவர், அதுவரை டாமினோஸ் பீட்ஸாவின் தலைமை அதிகாரி. காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோபம் ஏறியபின் சொல்ல மனம் வராது.

2011 செப்டம்பர் 10. பிக் ஹவுஸ் வரலாற்றிலேயே முதல் இரவு ஆட்டம், எதிரணி நோட்டர் டேம். மதிய வெயிலில் ஃபுட்பால் பார்ப்பதுதான் மரபு, விளக்கு போட்டு ஆடுவதெல்லாம் வேறு ஊர்க்காரர்கள் வேலை என்று முணுமுணுத்த பெரியவர்கள் அப்போது நிறையப் பேர். 1,14,804 பேர் வந்தார்கள். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது 24-7 என்று பின்தங்கியிருந்தோம். அப்புறம் எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற வீரர், டெனார்ட் ராபின்சன் ஆட ஆரம்பித்தார். கடைசி ஒன்றேகால் நிமிடத்துக்குள் மூன்று டச்டவுன், இரண்டு அணிக்கும் சேர்த்து. நோட்டர் டேம் 31-28 என்று முந்தியபோது மிச்சம் இருந்தது அரை நிமிடம். ஜெரமி கேலன் ஆளே இல்லாத இடத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார், ராய் ரவுண்ட்ரீ இரண்டே நொடி பாக்கி இருக்கும்போது எண்ட்ஸோனில், டச்டவுன் எடுக்கும் எல்லைக்குள், பிடித்தார். 35-31. மரபு, மதிய வெயில் என்று பேசியவர்களில் ஒருவரும் இருக்கையை விட்டு எழுந்து போகவில்லை. அந்த இரவைத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் பிராண்டன்.

இன்னும் உண்டு. 2010 டிசம்பரில் அதே மைதானத்தில் பனித்தளம் போட்டு மிஷிகன் ஸ்டேட்டோடு ஹாக்கி ஆடவைத்தார்கள். லட்சம் பேருக்கு மேல் வந்து கின்னஸில் ஏறியது. வலைக்கோலால் பந்தை எறிந்து ஆடும் லாக்ரோஸை ஆண்களுக்கும் பெண்களுக்கும் முழுநேரப் பல்கலைக்கழக விளையாட்டாக ஏற்றியதும் அவர் காலத்தில்தான். பணம் கொட்டுகிற விளையாட்டல்ல அது. இதையெல்லாம் வெறும் விளம்பரப் பித்து என்று ஒதுக்குவது சரியில்லை.

இனி என் புகார். புகார் ஒன்றே ஒன்றுதான்: அந்த மனிதர் ரசிகரிடம் பேசிய விதம்.

விலை ஏற்றம் யார் வந்தாலும் வரும். சின்னச் சின்ன அசட்டுத்தனங்களையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013இல் ஸ்டேடியத்துக்கு வெளியே ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு மக்ரோனி நூடுலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், ஸ்பான்சர் உபயம். ஊரே சிரித்தது, சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். இன்னொரு முறை பக்கத்து ஊர் மிஷிகன் ஸ்டேட் ஸ்டேடியத்தின் மேல் விமானப் புகையால் 'கோ ப்ளூ' என்ற எங்கள் கோஷத்தை எழுதவைத்தார்கள். பள்ளிக்கூடப் பையன் சேட்டை, போகட்டும். 2007இல் எங்கள் வீட்டிலேயே வந்து 34-32 என்று எங்களை அசிங்கப்படுத்திய அப்பலாச்சியன் ஸ்டேட்டை 2014 முதல் ஆட்டத்துக்கு மறுபடியும் பணம் கொடுத்து அழைத்தார்களே, அதை மட்டும் எந்த மார்க்கெட்டிங் மூளை யோசித்தது என்று இன்றுவரை புரியவில்லை. ஜெயித்தோம், 52-14. ஜெயித்தால் பழைய அவமானத்தை எல்லோருக்கும் ஞாபகப்படுத்தியதுதான் மிச்சம், தோற்றிருந்தால் கேட்கவே வேண்டாம்.

2012இல் டல்லாஸ் பக்கத்தில் அலபாமாவோடு ஆட்டம். செலவைக் காட்டி, மார்ச்சிங் பேண்டைக் கூட்டிப்போக முடியாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பி, நன்கொடையும் வந்தபிறகு பேண்டு போனது. எங்களுக்கு பேண்டு இல்லாத மிஷிகன் ஃபுட்பால் நாதஸ்வரம் இல்லாத கல்யாணம். அதைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகப் பார்க்க முடிகிறவரிடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது?

மாணவர் இருக்கை விவகாரம் இன்னும் மோசம். முன்பெல்லாம் சீனியருக்கு நல்ல இடம், முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மூலை. நாலு வருடம் காத்திருந்தால் முன்வரிசை வரும். 2013இல் அதை ஒரே அடியாக மாற்றி, முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்றார்கள், விலையையும் ஏற்றினார்கள். மாணவர்கள் தாமதமாக வருகிறார்கள், டிவியில் காலி பெஞ்சு தெரிகிறது என்பது காரணம். அது பொய்யில்லை, பிள்ளைகள் தாமதமாகத்தான் வந்தார்கள். ஆனால் மூன்று வருடம் மூலையில் நின்று காத்திருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றினால் அவன் என்ன செய்வான்? டிக்கெட்டே வாங்காமல் விட்டான். 2014இல் எங்கள் பரம எதிரிகளான ஒஹாயோ ஸ்டேட், மிஷிகன் ஸ்டேட், நோட்டர் டேம் மூவரோடும் ஆட்டங்கள் வெளியூரில். உள்ளூரில் பார்க்கத் தகுந்த ஆட்டம் தேட வேண்டிய வருடம். மாணவர் விலையோ 295 டாலர். மாணவர் டிக்கெட் விற்பனை பாதாளத்துக்குப் போனது. மின்னசோட்டா ஆட்டத்துக்கு இரண்டு கோக் பாட்டில் வாங்கினால் இரண்டு டிக்கெட் என்ற நிலைமைக்கு வந்தோம். எதிர்ப்பு கிளம்பியதும் அதையும் நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்தவன் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வான்?

இதற்கெல்லாம் உச்சம், 2014 அக்டோபர் கடைசியில் ஒரு ரசிகர் தளம் வெளியிட்ட மின்னஞ்சல்கள். குறைசொல்லி எழுதிய ரசிகர்களுக்கு பிராண்டன் அனுப்பிய பதில்கள் என்று அவை வெளியாயின. வேறு டீமைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் இல்லாமலும் நாங்கள் நன்றாகவே இருப்போம் என்கிற தொனி.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. டாமினோஸ் 2009 கடைசியில் ஒரு விளம்பரம் செய்தது. எங்கள் பீட்ஸா அட்டை மாதிரி இருக்கிறது என்று வாடிக்கையாளர் திட்டியதை அவர்களே திரையில் போட்டு, சரி, மாற்றிவிட்டோம் என்றார்கள். அமெரிக்க வியாபார வரலாற்றில் திட்டு வாங்கியே லாபம் பார்த்த அபூர்வமான விளம்பரம். அது வெளிவந்தபோது கம்பெனியின் தலைமை நாற்காலியில் இருந்தவர் இதே பிராண்டன். திட்டுகிறவன் இன்னும் போகவில்லை, வாங்கத் தயாராகத்தான் நிற்கிறான் என்று பீட்ஸா கடையில் புரிந்தது, பிக் ஹவுஸில் எப்படிப் புரியாமல் போனது? பீட்ஸா வாங்குகிறவன் வேறு கடைக்குப் போய்விடுவான் என்ற பயம் அங்கே இருந்தது. நாங்கள் எங்கே போய்விடப் போகிறோம் என்ற தைரியம் இங்கே வந்துவிட்டது. என் ஊகம் இது.

அந்த தைரியம் வெறும் டிக்கெட் விஷயத்தோடு நின்றிருந்தால் இவ்வளவு கோபப்பட மாட்டேன். 2014 செப்டம்பர் 27, மின்னசோட்டா ஆட்டம். குவார்ட்டர்பேக் ஷேன் மோரிஸ் தலையில் பலமாக அடிபட்டுத் தள்ளாடினார், சக வீரரைப் பிடித்துக்கொண்டு நின்றார். லட்சம் பேர் பார்க்கிறோம், கூச்சல் போடுகிறோம். அவர் உடனே அடுத்த முறை பந்து எடுத்தபோதும் களத்தில்தான் நின்றார், பிறகு ஒருமுறை திரும்பவும் அனுப்பப்பட்டார். திங்கட்கிழமை கோச் பிரேடி ஹோக், தனக்குத் தெரிந்து மூளை அதிர்ச்சி இல்லை என்கிற மாதிரி பேசினார். அன்று நள்ளிரவு தாண்டி, ஏறக்குறைய ஒரு மணிக்கு, பிராண்டன் பெயரில் அறிக்கை வந்தது: லேசான மூளை அதிர்ச்சி இருந்திருக்கலாம் என்று. ஒரு பையனின் தலை சம்பந்தப்பட்ட விஷயத்தை ஊர் தூங்கும் நேரத்தில் சொன்னார்கள். மறுநாள் மாலை மாணவர்கள் வளாகத்தின் நடுவே இருக்கும் டயாக் மைதானத்தில் கூடி, அங்கிருந்து பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு வாசலுக்கே போனார்கள். தம்பி, துரத்திவிட்டீர்கள் என்றாயே, அந்த ஊர்வலம் இதுதான். டிக்கெட் விலைக்காக மட்டும் போனதில்லை.

நியாயமாகப் பார்த்தால் ஒரு எதிர்க்கேள்வி உண்டு. 2011இல் 11-2, அதாவது பதினொரு வெற்றி, இரண்டு தோல்வி; சீசன் கடைசியில் நடக்கும் பெரிய ஆட்டமான சுகர் பவுலிலும் வெற்றி. அப்போதும் இதே மனிதர், இதே தொனிதான். யாரும் ஊர்வலம் போகவில்லை. அப்புறம் 8-5, 7-6 என்று சரிந்து, 5-7 என்று முடியப்போகிற 2014 சீசன் வந்தபிறகுதான் எல்லோருக்கும் மரபு ஞாபகம் வந்தது. தோல்விதான் அவரைத் துரத்தியது, மற்றதெல்லாம் சாக்கு என்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில் உண்டு: மாணவர் இருக்கை சண்டை 2013இல் தொடங்கியது, அந்த ஏப்ரலில்தான் எங்கள் கூடைப்பந்து அணி தேசிய இறுதிப்போட்டி வரை போயிருந்தது. ஊர் சந்தோஷத்தில் இருந்த நேரத்திலும் பிள்ளைகள் கோபமாகத்தான் இருந்தார்கள். இன்னொன்றும் அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். போவதற்குச் சில நாள் முன்பு, மாணவர் பேரவையோடு உட்கார்ந்து பேசி, அடுத்த வருட விலையை 175 டாலராகக் குறைத்தார். கேட்டால் செய்யத் தெரிந்தவர்தான். கேட்பதற்குத்தான் நாலரை வருடம் ஆனது.

அக்டோபர் 31 அன்று ராஜினாமா. போகும்போது கிடைத்த தொகை சுமார் 30 லட்சம் டாலர்.

அடுத்து வந்தவரைப் பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். ஜிம் ஹாக்கெட். அவரும் போவிடம் ஆடியவர், அவரும் ஒரு பெரிய கம்பெனியின் தலைமை அதிகாரியாக இருந்தவர், ஸ்டீல்கேஸ் மேஜை நாற்காலி. பயோடேட்டாவில் பெயரை மறைத்துக் கொடுத்தால் இருவரையும் பிரிப்பது கஷ்டம். வந்து இரண்டு மாதத்தில் ஜிம் ஹார்பாவைக் கோச்சாகக் கொண்டுவந்தார். 2015 ஜூலையில் அடிடாஸை விட்டு நைக்கோடு சுமார் 16.9 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம். அந்த நூடுல் எந்த மூலைக்கு? இது எவ்வளவு பெரிய வியாபாரம்! ஆனால் ஊர் கொண்டாடியது. அதே வியாபாரி ரகம்தான், ஆனால் ரசிகரிடம் கூட்டாளி மாதிரி பேசினார். அதனால்தான் சொல்கிறேன், வியாபாரம் எங்களுக்குக் கசக்கவில்லை.

2016இல் அடுத்த ஏடியாக வார்ட் மனுவெல் வந்தார். அவர் அதிகம் பேசாத ரகம், அதற்கும் ஒரு கூட்டம் திட்டுகிறது. 2020இல் 2-4 என்று கேவலமாக முடிந்தபோது ஹார்பாவைத் தூக்கச் சொல்லி நாங்களெல்லாம் கத்தினோம். மனுவெலோ ஹார்பாவின் சம்பளத்தைப் பாதியாக வெட்டி ஆளை வைத்துக்கொண்டார். மூன்று வருடம் கழித்து 15-0, தேசியப் பட்டம். ஸ்டேடியத்தில் பீர் விற்பனையும் 2024இல் வந்துவிட்டது, அது பிராண்டன் கணக்கில் சேராது. விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. நாங்களும் கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம்.

ஆக, தம்பி, நீ சொல்வதில் பெரும்பகுதி சரி. இரவு ஆட்டம் இன்று வழக்கமாகிவிட்டது. ஏறி இறங்கும் விலை எல்லாக் கல்லூரியிலும் வந்துவிட்டது. ஸ்பீக்கர் பாட்டுக்குப் பிள்ளைகள் கூடவே பாடுகிறார்கள். இன்று கல்லூரி விளையாட்டு இருக்கிற நிலைமையில், காசு கொண்டுவரத் தெரிந்த ஓர் ஆளை எந்தப் பல்கலைக்கழகமும் கண்ணை மூடிக்கொண்டு வேலைக்கு எடுக்கும். தேவைகளை ஐந்து வருடம் முன்கூட்டியே பார்த்தவர் என்றுகூட எழுதலாம்.

மதிப்பெண்: ஐந்துக்கு ஒன்று. நோட்டர் டேம் இரவுக்காக இன்னொன்று சேர்க்கலாம்தான். சேர்க்கப் போவதில்லை.