ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிகாவுக்கு 1776 சிசி என்ஜின்: எந்தப் பாகத்தில் சிக்கனம் செல்லும்?

போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் ரெப்ளிகாவில், அதாவது அசலைப் பார்த்துச் செய்த நகல் காரில், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் என்ஜினை வைப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1948-இல் ஆஸ்திரியாவின் க்முண்ட் என்ற சிற்றூரில் உருவான முதல் 356 கார்களே பீட்டிலின் என்ஜினையும் சஸ்பென்ஷனையும் கடன் வாங்கித்தான் ஓடின என்பதை நினைத்தால், அந்தச் சுளிப்பில் அதிக நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை. அசல் ஸ்பீட்ஸ்டர் 1954 முதல் 1958 வரை மட்டுமே விற்பனையில் இருந்ததால் அதன் என்ஜின் பாகங்கள் இப்போது சேகரிப்பாளர்களின் கைக்குப் போய்விட்டன. பீட்டிலின் பாகங்களோ நான் வசிக்கும் தெற்குக் கலிபோர்னியாவில் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. கிடைக்கிற அந்தத் தாராளமே ஒரு தொல்லையும்கூட. ஒரே பாகம் நான்கு விலைகளில் இருக்கும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு எனக்கு ஓராண்டு பிடித்தது. இயந்திரப் பட்டறைக் கூலியும் சேர்த்து ஏறத்தாழ 3,000 டாலருக்குள் நான் கட்டி முடித்த என்ஜினை வைத்து, பாகம் பாகமாக என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பீட்டிலின் 1600 என்ஜின் 85.5 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 69 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்டது, சரியான கொள்ளளவு 1,584 சிசி. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்கை மாற்றாமல் 90.5 மி.மீ. பிஸ்டன்களைப் போட்டால் அது 1776 ஆகிவிடும். இடையில் 88 மி.மீ. பிஸ்டன்-சிலிண்டர் தொகுதி ஒன்றும் விற்கிறார்கள். என்ஜின் கேஸையும் (வெளிக்கூட்டையும்) சிலிண்டர்களை மூடும் ஹெட்டையும் கடையாமலே அது உள்ளே நுழைந்துவிடும் என்பதால் புதிதாகக் கட்டுகிறவர்கள் அதில்தான் முதலில் விழுகிறார்கள். ஆனால் பழைய துளைக்குள் பெரிய சிலிண்டரைத் திணிக்க வேண்டுமானால் சிலிண்டரின் சுவரை மெலிதாக்கித்தான் ஆக வேண்டும். மெலிந்த சுவர் சூட்டில் வட்டம் இழந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பிடிமானம் விட்டு, எண்ணெய் குடிக்கத் தொடங்கும். கடையும் கூலி மிச்சம் என்று எண்ணி இதை வாங்குவது பொய்ச் சிக்கனம்.

90.5 தொகுதியில் நான் மாலே நிறுவனத்தின் விலையுயர்ந்த சரக்கை விட்டுவிட்டு, ஏஏ பெர்ஃபார்மன்ஸ் விற்கும் மலிவான தொகுதியை வாங்கினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. பெட்டியைப் பிரித்ததும் சமையலறைத் தராசில் நான்கு பிஸ்டன்களையும் நிறுத்தேன். மிகக் கனமானதற்கும் மிக இலேசானதற்கும் வித்தியாசம் 3 கிராம்தான். ஒவ்வொரு ரிங்கையும் அதற்குரிய சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாயிடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளால்) பார்த்தேன். பழைய பட்டறைக் கையேடு கேட்கும் 0.30 முதல் 0.45 மி.மீ. வரையான அளவுக்குள் எல்லாம் அடங்கின, ஒன்றைத் தவிர; அந்த ஒன்றின் வாயை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்ததும் அதுவும் வழிக்கு வந்தது. பிஸ்டனும் சிலிண்டரும் என் மேசையில் வைத்து அளக்கக்கூடிய பொருள்கள். பிழை இருந்தால் பொருத்துவதற்கு முன்பே தெரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடலாம். அப்படிப்பட்ட பொருளில் மலிவானதை வாங்கத் துணியலாம் என்பது என் கணக்கு.

கிராங்கில் பழையதையே தேடிப் போனேன். போமோனாவில் கூடும் பழைய கார்ச் சந்தையில் விடியற்காலை 5 மணிக்கே வாசல் திறந்துவிடும். டார்ச் விளக்கோடு போனால்தான் நல்ல பொருள் அகப்படும். அங்கே தார்ப்பாய் விரிப்பில் கிடந்த ஒரு ஃபோக்ஸ்வாகன் கிராங்கை, புதிய வார்ப்பிரும்புக் கிராங்கின் விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கினேன். ஃபோக்ஸ்வாகன் கிராங்குகள் அடித்து உருவாக்கிய எஃகு. விரிசல் இல்லை என்று பட்டறையில் காந்தச் சோதனை செய்து, 0.25 மி.மீ. தேய்த்துக் கொடுத்தார்கள், பேரிங்குகளில் சுழலும் ஜர்னல்கள் இப்போது கண்ணாடிபோல் இருக்கின்றன. இதைப் பொருத்தும்போது மட்டும் பொறுமை வேண்டும். கிராங்கின் முன்பின் அசைவு 0.07 முதல் 0.13 மி.மீ. வரைதான் இருக்கலாம், மூன்று ஷிம்களை (மெல்லிய வளையத் தகடுகளை) மாற்றி மாற்றிப் போட்டு, டயல் கேஜ் வைத்து அதைக் கொண்டுவர வேண்டும். ஆயில் சீலை அடித்துவிட்டு அளந்தால் அதன் இறுக்கம் அளவைக் குழப்பும்; சீல் கடைசியில்தான்.

இனி, நான் சறுக்கிய இடம். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கு எங்கிள் டபிள்யூ 110 என்ற நல்ல பெயர் பெற்ற சரக்கை வாங்கிவிட்டு, கேமின் மேல் உரசி அதன் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் டாப்பெட்டுகளை மட்டும் இணையத்தில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததற்காக வாங்கினேன். எட்டு டாப்பெட்டுகள், மிச்சப்பட்டது 60 டாலர். மைக்ரோமீட்டரில் எல்லாம் ஒரே அளவு, முகத்தில் ஒரு கீறல் கிடையாது. புதிய கேமைப் பழக்குவதற்காக, துத்தநாகம் சேர்ந்த எண்ணெய் ஊற்றி, முதல் 20 நிமிடங்கள், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்டினேன். ஆறவிட்டு, அடியில் இருக்கும் வட்டத் தட்டின் ஆறு நட்டுகளையும் கழற்றி எண்ணெயை வடித்தபோது, சல்லடையின் மேல் மீன் செதிலை அரைத்துத் தூவியதுபோல் ஒரு மினுமினுப்பு. ஃபோக்ஸ்வாகன் இந்த என்ஜினுக்கு அந்தக் கம்பிச் சல்லடையைத் தவிர வேறு எண்ணெய் வடிகட்டி கொடுக்கவில்லை. அதில் நிற்காத பொடி அத்தனையும் பேரிங்குகளுக்குள் போய்விட்டது என்று பொருள். டாப்பெட்டுகள் காளான் வடிவில் கேஸுக்கு உள்பக்கம் மாட்டிக்கொண்டிருப்பதால், அவற்றை எடுக்க என்ஜினை முழுவதும் பிரித்துக் கேஸை இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்து பார்த்தபோது மூன்று டாப்பெட்டுகளின் முகத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள். அளவு சரியாக இருந்தது. உலோகத்தின் கடினம் சரியாக இல்லை. அதை வீட்டு மேசையில் எப்படி அளப்பது? கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பொருத்தியவரின் தவறு என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கேம், டாப்பெட், பேரிங் அனைத்தையும் புதிதாக வாங்கினேன், இம்முறை கேமும் டாப்பெட்டும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து. கையோடு கேஸில் துளையிட்டு, முழு எண்ணெயும் வழியாகப் போகும்படி ஒரு வடிகட்டியையும் வெளியே பொருத்திவிட்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஹெட்டுகளிலும் பழையதை நாடக் கூடாது என்பேன். ஸ்பார்க் பிளக் துளைக்கும் வால்வு சீட்டுக்கும் நடுவே விழும் விரிசல், கரி படிந்த ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு தலை முறிந்து பிஸ்டனைத் துளைத்த கதையைப் பீட்டில் வைத்திருக்கும் யாரும் சொல்வார்கள். ஆகவே 35.5, 32 மி.மீ. வால்வுகள் கொண்ட புதிய இரட்டைத்துளை ஹெட்டுகளை முழு விலை கொடுத்தே வாங்கினேன். எரியறையை மண்ணெண்ணெயும் ஊசிக்குழலும் கொண்டு அளந்ததில் 52 சிசி வந்தது. பிஸ்டன் மேலே நிற்கும் இடத்தில் 1.5 மி.மீ. இடைவெளி விட்டேன், அழுத்த விகிதம் 8.2. காற்றால் குளிரும் என்ஜினுக்கு அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

என்ஜினைச் சுற்றி, குளிர்விக்கும் காற்றை வழிநடத்தும் தகரங்களில் நிலைமை தலைகீழ்: பழையதே மலிவு, பழையதே சிறப்பு. பளபளக்கும் குரோம் தகரத் தொகுதி ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். ஒரு துளைகூட நேராக வரவில்லை. விளிம்பில் இடைவெளி விட்டால் சூடான காற்றையே விசிறி மறுபடி இழுக்கும். துருப்பிடித்த ஜெர்மன் தகரத்தைச் சந்தையில் வாங்கி, மணல் அடித்துக் கறுப்புப் பெயின்ட் பூசினேன், கைதட்டினாற்போல் பொருந்தியது. சிலிண்டர்களுக்குக் கீழே மாட்டும் சிறு தகரங்களையும் கேட்டு வாங்குங்கள்; அவை இல்லாமல் விற்கப்படும் என்ஜின்கள் ஏராளம்.

கார்புரேட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெபர் 40 ஐடிஎஃப் இரட்டையின் விலையைப் பார்த்துவிட்டு, பழுது நீக்கிய கேட்ரான் இரட்டையை வாங்கினேன். இந்த அளவு என்ஜினுக்கு அது போதும். ஆயில் பம்ப் பிரேசிலின் ஷாடெக், குறை சொல்ல இடமில்லை.

இரண்டாம் முறை கட்டி, 500 கி.மீ. ஓட்டிய பின் போன வாரம் அதே ஆறு நட்டுகளைக் கழற்றினேன். சல்லடையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேஸைச் சேர்க்கத் தடவிய பசையில் ஒரு நூலிழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.