சாராவா, அபிகேலா? ஆன் ராணியின் இரு தோழியர்

இங்கிலாந்தின் ஆன் ராணிக்குச் சாரா சர்ச்சில் சிறுவயதுத் தோழி. அந்தஸ்தை மறந்து கடிதங்களில் 'மிஸஸ் மோர்லி', 'மிஸஸ் ஃப்ரீமேன்' என்ற புனைபெயர்களிலேயே எழுதிக்கொண்டார்கள். ராணியின் உடைகள், அந்தரங்கச் செலவுக் கணக்கு எல்லாம் சாரா கையில். ஆனால் அன்றைய இரு பெரும் கட்சிகளில் ஒன்றான விக் கட்சிக்காக ராணியை ஓயாமல் நச்சரித்தார். 1708-இல் கணவர் ஜார்ஜை இழந்து ராணி கலங்கி நின்றபோது, படுக்கையறையில் இருந்த ஜார்ஜின் படத்தையே சாரா எடுத்துவிட்டார். அதைத் திருப்பித் தரச் சொல்லி ராணியே எழுத வேண்டியிருந்தது. எப்படி மனம் வந்ததோ!

அபிகேல், சாராவே அரண்மனையில் சேர்த்துவிட்ட ஏழை உறவுக்காரப் பெண். கீல்வாதத்தில் வாடிய ராணிக்கு அருகிலிருந்து பணிவிடை செய்தார். அவரும் விக் கட்சியின் எதிரணியான டோரிகளுக்காகக் காய் நகர்த்தியவர்தான். சரி, ஆனாலும் என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. 1711-இல் சாராவின் பதவிகள் பறிபோயின. செலவுக் கணக்கு அபிகேலிடம் வந்தது.