புயலுக்குப் பெயர் வைக்கும் சேவை: காதால் கேட்டு ஒரு மதிப்பீடு

யாரும் கட்டணம் செலுத்தாமல், பெரும்பாலும் கவனிக்காமலேயே பயன்படுத்தும் ஒரு சேவையை இங்கே மதிப்பிட விரும்புகிறேன்: வெப்பமண்டலப் புயல்களுக்குப் பெயர் வைக்கும் சேவை. உலக வானிலை அமைப்பின் கீழ் கடற்பகுதிவாரியாக இயங்கும் குழுக்கள் பெயர்களை முன்கூட்டியே முடிவுசெய்து பட்டியலிட்டுவிடுகின்றன. நீடித்த காற்றின் வேகம் 34 நாட், அதாவது மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டரை எட்டியதும், அந்தக் கடலுக்குப் பொறுப்பான மையம் வரிசையில் அடுத்து நிற்கும் பெயரை எடுத்துச் சூட்டுகிறது. வட இந்தியப் பெருங்கடலுக்கு அப்பொறுப்பு புது தில்லியிலுள்ள இந்திய வானிலை ஆய்வு மையத்திடமும், வடமேற்குப் பசிபிக்குக்கு டோக்கியோவிலுள்ள மையத்திடமும் இருக்கிறது.

பல ஆண்டுகளாகப் புயல் அறிக்கைகளை விடாமல் படித்துவரும் எனக்கு, இச்சேவையை எடைபோட ஓர் அளவுகோல் போதும்: பெயரைக் காதால் கேட்டவர் அதை அடுத்தவரிடம் பிழையில்லாமல் சொல்ல முடிகிறதா? அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டே புயலைக் குறித்துவந்தால், கடலில் ஒரே நேரத்தில் இரண்டு புயல்கள் இருக்கும்போது, இரைச்சல் மிகுந்த வானொலியில் ஒன்றுக்கான எச்சரிக்கையை மற்றொன்றுக்கானதாக எடுத்துக்கொள்ள நேரிடும். அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே பெயரின் வேலை.

வட இந்தியப் பெருங்கடலின் பட்டியல் இந்த அளவுகோலில் பெரும்பாலும் தேறுகிறது. 2004-இல் எட்டு நாடுகள் தந்த 64 பெயர்களுடன் தொடங்கிய முதல் பட்டியல், 2020 மே மாதம் ஆம்பன் புயலோடு தீர்ந்தது. அதற்குச் சற்று முன்னதாக, ஏப்ரலில், 13 நாடுகள் தலா 13 பெயர்களைத் தந்து 169 பெயர்கள் கொண்ட புதிய பட்டியல் வெளியானது. பெயர் எட்டு எழுத்துகளுக்கு மிகக்கூடாது, ஆங்கில எழுத்துக் கணக்கில்தான். அரசியல், மதம், பால் எதையும் சாராமல் இருக்க வேண்டும். யார் மனத்தையும் புண்படுத்தக்கூடாது. ஒருமுறை சூட்டிய பெயர் திரும்ப வராது. நாடுகள் அகரவரிசையில் நிற்பதால் யார் பெயர் எப்போது வரும் என்பதில் போட்டிக்கே இடமில்லை. இந்தியா தந்த பதின்மூன்றில் மூன்றாவதாக ‘முரசு’, எட்டாவதாக ‘நீர்’ என்ற பெயர்களைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. முரசு என்பது அறிவிப்புக்கே உரிய கருவி. புயலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அரிது.

சேவை சறுக்கும் இடமும் காதுதான். மியான்மர் தந்த பெயர் ஒன்று, ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘மிச்சாங்’. உச்சரிக்க வேண்டியதோ ‘மிக்ஜாம்’. சவூதி அரேபியா தந்த ‘ஃபெஞ்சல்’ எழுத்தளவில் ‘ஃபெங்கல்’ ஆகிவிடுகிறது. நான் பயன்படுத்தும் ஒரு செய்திச் செயலியில் ஒரே நாள் காலையில் ஒரு தலைப்பும் மாலையில் வேறொரு தலைப்புமாக ஒரே புயல் இரு பெயர்களில் வந்தது. வீட்டிலிருந்த பெரியவர், “இது இன்னொரு புயலா?” என்று கேட்டார். குழப்பத்தைத் தீர்க்க வந்த பெயரே இங்கே குழப்பமாகிவிட்டது.

குறை கண்டால் திருத்திக்கொள்ளும் பண்பு இச்சேவையிடம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அட்லாண்டிக்கில் ஆண்டுக்கு 21 பெயர்கள் கொண்ட ஆறு பட்டியல்கள் சுழற்சியில் வருகின்றன; பேரழிவு விளைவித்த பெயர், 2005-இன் கத்ரீனாவைப் போல, நிரந்தரமாக விலக்கப்படுகிறது. 2020-இல் 30 புயல்களுக்குப் பெயர் தேவைப்பட்டு, பட்டியல் தீர்ந்து, கிரேக்க எழுத்துகளைக் கடன்வாங்கினார்கள். சீட்டா, ஈட்டா, தீட்டா என்று ஏறக்குறைய ஒரே ஓசையில் புயல்கள் அடுத்தடுத்து வந்தன. மறு ஆண்டே அந்த வழக்கத்தைக் கைவிட்டு, தனியாக ஒரு கூடுதல் பெயர்ப் பட்டியலை ஏற்படுத்தினார்கள். கேட்பவரின் சிரமத்தை மதித்த முடிவு அது.

எல்லை தாண்டும் புயல்களில் மட்டும் எனக்கு நிறைவில்லை. 2021-இல் வங்கக் கடலில் உருவான குலாப் புயல் கரையேறி வலுவிழந்து, அதன் எச்சம் இந்தியாவைக் கடந்து அரபிக்கடலில் மீண்டும் புயலானபோது ‘ஷாஹீன்’ ஆயிற்று. விதிப்படி சரிதான், எனினும் தொடர்ந்து செய்தி கேட்டவருக்கு அது ஒரே புயலின் நீட்சி என்பது புலப்பட வழியில்லை. பிலிப்பைன்ஸ் தன் கடற்பகுதிக்குள் வரும் புயல்களுக்குத் தனிப்பெயர் வைப்பதால், 2013-இல் உலகம் ‘ஹையான்’ என்றதை அந்நாட்டு மக்கள் ‘யோலாண்டா’ என்றார்கள். உள்ளூர் மக்களின் நாவுக்கு எளிய பெயர் என்ற அளவில் இதை ஏற்கிறேன். உதவிக்கு விரையும் வெளிநாட்டவர்தான் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெயரில் புயலின் வலிமையைத் தேடுவதும் தவறு. 2001-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனை மூழ்கடித்த ஆலிசன், ‘ஹரிக்கேன்’ எனப்படும் கடும்புயல் நிலையை எட்டாமலேயே பெயர் விலக்கப்படும் அளவுக்கு அழிவை விளைவித்தது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். பெயரைப் பரிந்துரைக்கும் நாடு அதன் உச்சரிப்பையும் குரல்பதிவையும் சேர்த்துத் தர வேண்டும் என்று வட இந்தியப் பெருங்கடலுக்கான விதிகளிலேயே இருக்கிறது. அந்தக் குரல்பதிவு, பெயர் சூட்டப்பட்ட முதல் அறிக்கையுடனேயே, கரையோர மொழிகள் ஒவ்வொன்றின் எழுத்துவடிவத்தோடு செய்தியாளர் கைக்குப் போய்ச் சேரட்டும்.